ஊதா நிற ஆஸ்டர்கள் இரண்டு: எது எது?

வணக்கம் நண்பர்களே. எனக்கு இடப்பக்கம் நிற்பது நியூ இங்கிலாந்து ஆஸ்டர், வலப்பக்கம் நியூயார்க் ஆஸ்டர். இரண்டும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய பூச்செடிகள். கோடை கழிந்து குளிர் எட்டிப் பார்க்கும் நாட்களில்தான் பூக்கும். இரண்டிலும் ஊதா இதழ், நடுவில் மஞ்சள் வட்டு. நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள். இரண்டிலுமே ஊதா வெளிறும், இளஞ்சிவப்பும் வரும்.

பூவைத் திருப்புகிறேன், அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்தப் பச்சைச் செதில்கள்தான் பெயரைச் சொல்லும். நியூ இங்கிலாந்தின் செதில்களில் நுண்ணிய சுரப்பி மயிர்கள் இருக்கின்றன. தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். நியூயார்க்கில் அந்தப் பசை கிடையாது. என்னைக் கேட்டால், இந்த ஓர் அடையாளமே போதும்.

இன்னும் ஐயமா? தண்டை வருடிப் பாருங்கள். நியூ இங்கிலாந்தின் தண்டு சொரசொரவென்று மயிர் அடர்ந்தது, நியூயார்க்கின் தண்டு ஏறக்குறைய வழவழப்பு. நியூ இங்கிலாந்தின் இலை அடி இரண்டு மடல்களாக விரிந்து தண்டை இறுகத் தழுவுகிறது. மற்றதில் தழுவல் அவ்வளவு இல்லை. இதழ்களையும் எண்ணலாம். நாம் இதழ் என்பது ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறுபூ. நியூ இங்கிலாந்தில் அவை பெரும்பாலும் 40-க்கு மேல், நியூயார்க்கில் 20, 30 என்ற அளவில்.

எனக்கு மிகவும் பிடித்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. நியூ இங்கிலாந்து ஆஸ்டரின் உயிரணுவில் 10 குரோமோசோம்கள், நியூயார்க்கில் 48. இவ்வளவு ஒத்த முகங்களுக்குள் இவ்வளவு தொலைவு! ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இரண்டையும் ஆஸ்டர் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பில், வைத்தார். 1995-இல் நீசம் என்ற தாவரவியலாளர் இவற்றைச் சிம்ஃபியோட்ரிக்கம் பேரினத்துக்கு மாற்றினார்.

நியூயார்க் ஆஸ்டர் கடலோரத்தையும் உவர் சதுப்பின் விளிம்பையும் விரும்பும். மற்றது உள்நாட்டுப் புல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் தாராளமாக வளரும். தோட்டத்தில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: நியூயார்க்கைச் சாம்பல் நோய் எளிதில் பிடிக்கும். செடிகளை நெருக்கி நடாமல் காற்றோட்டம் விடுங்கள்.

இதோ ஒரு வண்டுத்தேனீ வந்துவிட்டது! மற்றப் பூக்கள் ஓய்ந்த பிறகு தேனீக்களுக்கும், மெக்சிகோவை நோக்கிப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் தேன் தருபவை இந்த ஆஸ்டர்கள். உங்கள் நிலத்தில் இவை இருந்தால், பூத்து முடியும்வரை புல் வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.