எரிமலைப் பள்ளத்துக்குள் ஒரு மணல் கடல்: புரோமோவில் பைக் பயணம்

வணக்கம் நண்பர்களே! எனக்குப் பின்னால் கறுப்பாக விரிந்து கிடப்பதைப் பாருங்கள், அத்தனையும் எரிமலை மணல். கிழக்கு ஜாவாவில் தெங்கர் பெரும்பள்ளத்துக்குள் நிற்கிறோம். பழைய எரிமலை உள்வாங்கியதில் உண்டான பள்ளம் இது. அதோ புகைகிறதே, அதுதான் புரோமோ, 2,329 மீட்டர். பக்கத்தில் வரிவரியாக மடிப்பு விழுந்து நிற்பது பாத்தோக். இரண்டுமே இந்தப் பள்ளத்துக்குள் பின்னால் முளைத்தவை.

ஜாவா மொழியில் இந்த வெளிக்கு ‘செகாரா வெடி’ என்று பெயர். செகாரா என்றால் நம்ம சாகரம்தான். வெடி என்றால் மணல். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கிறது, இந்த இடத்துக்கு அதுவும் பொருந்துகிறது!

நாலு பேர், நாலு வாடகை பைக். செமோரோ லாவாங் கிராமத்திலிருந்து விடியும்போது இறங்கினோம். கொஞ்ச தூரம் மணல் கெட்டியாக இருந்தது. அப்புறம் வந்தன ஜீப் தடங்கள். அதற்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. முன்னால் போன நண்பன் பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் புதைந்து, வண்டி அப்படியே சாய்ந்துவிட்டது. நல்லவேளை, அடி எதுவும் இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

இங்கே வருபவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும். உடம்பைக் கொஞ்சம் பின்னால் வையுங்கள். ஆக்சிலேட்டரைச் சீராகக் கொடுங்கள், ஹேண்டில்பாரை இறுக்காதீர்கள். முன்சக்கரம் ஆடும், ஆடட்டும், வேகம் சீராக இருந்தால் அதுவே நேராகிவிடும். முன்னால் போகிறவருக்கு நல்ல இடைவெளி விடுங்கள்.

இன்னொன்று, ஹெல்மெட் கண்ணாடி. இதோ, இந்தக் கீறல்கள் தெரிகிறதா? கையுறையால் தூசியைத் துடைத்தேன், அவ்வளவுதான். எரிமலைச் சாம்பல் என்பது பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

மலையடிவாரத்தில் பூரா லுஹுர் போத்தென் கோயில் இருக்கிறது. இங்கு வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். கசாதா விழாவில் காய்கறி, கோழி, ஆடு எல்லாவற்றையும் எரிமலை வாய்க்குள் காணிக்கையாகப் போடுவார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறி விளிம்பில் நின்றபோது, உள்ளிருந்து இடைவிடாத உறுமல். கந்தக நெடியில் தொண்டை எரிந்தது, மாஸ்க் கட்டாயம். ஆனாலும் அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

சரி, வெயில் ஏறுகிறது, கிளம்புகிறோம். காலையில் விழுந்தவன் இப்போதே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கிறான். திரும்பும்போது அவன்தான் முன்னால் போவானாம்.