மைக்கும் ஞானஸ்நானமும்: டான்ஸ்ஹால் அணியின் உரை

நடுவர் அவர்களே! ஜமைக்காவில் லேடி சா என்று பேரெடுத்த மேரியன் ஹால், உள்ளதை உள்ளபடி பாடியது டான்ஸ்ஹால் என்ற அந்நாட்டு ஆட்ட இசையின் மேடையிலா, நற்செய்திப் பாடலிலா என்பது தலைப்பு. டான்ஸ்ஹாலில்தான் என்கிறேன்.

"2015 டிசம்பரில் ஞானஸ்நானம் பெற்று அவரே உதறிய டான்ஸ்ஹால் வாழ்க்கைக்கு நீங்கள் என்ன வக்கீலா?" என்று எதிரணித் தோழர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். பாடகி மனம் மாறலாம், ஐயா. பாடிய பாட்டு மாறுமா?

செயின்ட் மேரி மாவட்டத்துக் கலீனா கிராமத்துப் பெண் அவர். பதினைந்து வயதிலேயே மைக் பிடித்தார். ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் நின்று, தாளத்தின் மேல் பேச்சும் பாட்டுமாகக் கொட்டுகிறவரை அங்கே 'டீஜே' என்பார்கள். ஆண்களின் கோட்டை அது. பெயரைக்கூட டெனர் சா என்ற ஆண் பாடகரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். ஆண்கள் படுக்கையறையைப் பாடியபோது ஆடிய ஊர், இவர் பாடியதும் முகம் சுளித்தது. மான்டேகோ பே நகரில் தடையே விதித்தார்கள்.

மன்னிப்புக் கேட்டாரா? 'எது ஆபாசம்?' என்று திருப்பிக் கேட்டு ஒரு பாட்டுப் பாடினார்! செப்பனிடாத சாலை ஆபாசம், அரசு காற்றில் பறக்கவிட்ட வாக்குறுதி ஆபாசம், அரசியல்வாதி விநியோகித்த துப்பாக்கி ஆபாசம் என்று அடுக்கினார். எந்தப் பிரசங்கி இதைவிடச் சுருக்கமாகப் பேசிவிடுவார்?

கொச்சை இல்லையா என்றால், இருக்கிறது. என் அம்மா பக்கத்தில் இருந்தால் நானே சத்தத்தைக் குறைத்துவிடுவேன். கிராமி விருதையும் சாட்சிக்கு அழைக்க மாட்டேன். அது நோ டவுட் என்ற அமெரிக்க இசைக்குழுவோடு பாடியதற்கு வந்தது, எதிரணியே வைத்துக்கொள்ளட்டும்.

நான் அழைக்கும் சாட்சி 2007இல் வந்த 'வாக் அவுட்' தொகுப்பு. தனக்குப் பிள்ளை பிறக்காத வேதனையை அதில் ஒரு பாட்டாக்கி, அதனால் தான் பெண்மையில் குறைந்துவிடவில்லை என்றார். மலடி என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பார்களே, அதை அவரே மைக்கில் சொல்லிவிட்டார். ஆணுக்கு ஆணாய் வம்புக்கு நின்ற அதே குரலில்!

"தேவனிடம் வந்த பிறகே அவர் மனம் திறந்தார்" என்றார் தோழர். 2007க்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் பேசட்டும்.