1976இல் மட்டும் ஒயின் இல்லை

அவையோருக்கு வணக்கம். ஒயினைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏமாந்துவிடாதீர்கள் ஐயா, நான் பேசப்போவது பெரும்பாலும் லாரிகளைப் பற்றி!

லெபனானில் பெக்கா பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். ரோமானியர் காலத்து மதுக்கடவுள் பாக்கஸின் கோயில் அங்கே பால்பெக்கில் இன்றும் நிற்கிறது. 1930இல் காஸ்டன் ஹோஷார் என்பவர் 'ஷாட்டோ முசார்' என்ற ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். தோட்டம் பள்ளத்தாக்கில். நிலவறையோ மலைக்கு இந்தப் பக்கம், கடலைப் பார்த்த காசீர் ஊரில். ஏன் இந்தச் சுற்று? அது பிரெஞ்சு ஆட்சிக்காலம். பள்ளத்தாக்கு லெபனானோடு நிற்குமா, சிரியாவோடு போய்விடுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. பழம் போனாலும் பீப்பாய் மிஞ்சட்டும் என்று நினைத்தார் என்பார்கள்.

அப்பா முன்யோசனையோடு செய்தது, மகன் தலையில் வந்து விடிந்தது. செர்ஜ் ஹோஷார் 1959இல் ஒயின் தயாரிப்பை ஏற்றார். 1975இல் உள்நாட்டுப் போர். தோட்டத்துக்கும் நிலவறைக்கும் நடுவே போர்முனை! பறித்த திராட்சை காத்திருக்குமா? 1976இல் ஒயினே இல்லை. 1984இல் லாரிகள் வழியில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டன. பழம் லாரியிலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டில்தான் 'டிகாண்டர்' என்ற ஒயின் இதழ் தன் முதல் 'ஆண்டின் சிறந்த மனிதர்' விருதை செர்ஜுக்குத் தந்தது.

உள்ளூரில் வாங்க ஆளில்லாததால் 1979இல் பிரிஸ்டல் கண்காட்சிக்குப் பாட்டில்களைக் கொண்டுபோனார். மைக்கேல் பிராட்பென்ட் என்ற விமர்சகர் ருசித்து வியந்தார். பிறகு பிரிட்டன்தான் சந்தை.

முசாரின் சிவப்பு ஒயினில் மூன்று திராட்சை ரகம்: காபர்னே சோவினோன், சின்சோ, காரினியான். தனித்தனியே சிமென்ட் தொட்டியில் புளிக்கவைத்து, ஓர் ஆண்டு ஓக் பீப்பாயில் வைத்து, பிறகுதான் கலப்பார்கள். வடிகட்டுவதில்லை, பாட்டிலின் அடியில் வண்டல் படிந்திருக்கும், சாய்த்து மெதுவாக ஊற்றவேண்டும். விற்பனைக்கு வர ஏழு ஆண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: குண்டுகளுக்கு நடுவே 1983இல் பறித்த பழம், போர் ஓய்ந்த 1990இல்தான் கடைக்கு வரும். ஏழு வருஷம் கழித்து யார் இருப்பார், யார் வாங்குவார் என்று தெரியாமலே பாட்டிலை அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு விருதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

செர்ஜ் 2014 கடைசி நாளில் காலமானார். இப்போதும் குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். நிலவறையைத் தோட்டத்துப் பக்கம் மாற்றவில்லை. அறுவடைக்கு அறுவடை லாரிகள் அதே மலையைத் தாண்டி காசீருக்கு வருகின்றன.