கரண்ட் பிடித்தால் கதை வருமா?

நேயர்களுக்கு வணக்கம். பாரிசவாதத்தில் உயிர் தப்பி, காலும் கையும் ஓரளவு தேறிய பின்னரும், தண்ணீர் என்ற சொல் வாயில் வராமல் செம்பைக் காட்டிக் கண்கலங்கும் ஒருவரை உங்களில் பலர் உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ கண்டிருப்பீர்கள். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். புத்தி அவரிடமே இருக்கிறது. சொல்லை எடுக்கும் வழிதான் பழுதடைந்திருக்கிறது.

நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது. 1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர வேறெதுவும் பேச இயலாதிருந்த நோயாளி இறந்தபின் அவருடைய மூளையைச் சோதித்து, இடப்பக்க முன்பகுதியில் பழுதைக் கண்டார். அந்த மனிதர் பிறர் சொன்னவற்றை விளங்கிக்கொண்டிருந்தார் என்பதை நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

பேச்சு சிகிச்சையாளராக இருக்கும் என்னிடம், மூதூரிலிருந்தும் கின்னியாவிலிருந்தும் வரும் குடும்பத்தினர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "மண்டையில் கரண்ட் பிடித்தால் கதை வந்துவிடுமாமே?" தலைக்கு மெல்லிய மின்னோட்டம் கொடுத்துப் பேச்சை மீட்க முயலும் ஒரு முறை இருப்பது உண்மைதான். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் பொருத்தி, ஒன்று அல்லது இரண்டு மில்லிஅம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்துவார்கள். தோலில் சற்று ஊறலெடுக்கும், அவ்வளவுதான். இந்த மின்னோட்டம் நரம்புக் கலங்களைத் தானாக இயக்குவதில்லை. அவை இயங்குவதற்கான ஆயத்தத்தை மட்டும் சற்றுக் கூட்டுகிறது. ஆகவே அந்த நேரத்தில் நோயாளி என்ன பயிற்சி செய்கிறார் என்பதே முக்கியமாகிறது. மின்னோட்டம் ஒரு சொல்லையும் கற்றுத்தருவதில்லை.

அமெரிக்காவின் தென் கரோலினா ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நீண்டகாலமாகப் பேச்சிழப்புடன் இருந்த 74 பேருக்கு 15 அமர்வுகளில் சொற்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு உண்மையான மின்னோட்டம், மற்றப் பிரிவினருக்கு மின்னோட்டம் கொடுப்பதுபோன்ற பாவனை மட்டும். சரியாகப் பெயர் சொல்லும் பொருள்கள் முதற்பிரிவில் சராசரியாக 13.9உம் மற்றதில் 8.2உம் கூடின. மேலும் பெரிய ஆய்வு செய்யத் தகுந்தது என்பதே அதிலிருந்து கிடைத்த முடிவு. உறுதியான மருந்து கிடைத்துவிட்டது என்பதல்ல. ஆனால் என் மனம் அந்த 8.2இலேயே நிற்கிறது. அவர்களுக்குக் கரண்ட் இல்லை, பயிற்சி மட்டுமே, அவர்களும் முன்னேறினார்கள்.

என் மாமா உப்புவெளியில் வள்ளம் வைத்திருந்தவர். பாரிசவாதத்துக்குப் பிறகு 'வள்ளம்' என்ற சொல்லே அவருக்கு வரவில்லை. ஆனால் தொடக்கிவிட்டால் ஒன்று, இரண்டு என்று தடையில்லாமல் எண்ணுவார், தேவாரமும் பாடுவார். பழகித் தடம் பதிந்த பேச்சு இப்படித் தப்பிப் பிழைப்பது வழமை. மாமி ஒவ்வொரு நாளும் கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்துக் காட்டி, அவர் தடுமாறினால் முதல் ஒலியை மட்டும் "சூ..." என்று எடுத்துக் கொடுத்துக் காத்திருப்பார். காத்திருப்பதுதான் கடினம், பிள்ளைகள் பொறுக்காமல் முழுச்சொல்லையும் சொல்லிவிடுவார்கள், மாமி அவர்களை அடுப்படிக்கு அனுப்பிவிடுவார். ஒருநாள் பாரையைப் பார்த்து மாமா "சூரை" என்றார். மகன் சோர்ந்துபோனான், எனக்கோ பெரும் மகிழ்ச்சி. அதுவரை எதைக் காட்டினாலும் பொருளற்ற ஓர் ஒலியே வந்தது. இப்போது வந்தது பிழையானாலும் ஒரு மீனின் பெயர். தேடல் சரியான இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த மாதங்களில் கூடையில் பாதி மீன்களுக்குப் பெயர் வந்தது. மாமிக்கு எந்தக் கருவியும் இருக்கவில்லை. நாள் தவறாத ஒரு மணி நேரம் இருந்தது. மீண்டும் சொல்கிறேன், நாள் தவறாத ஒரு மணி நேரம்.

பாரிசவாதம் வந்து ஆறு மாதம் கடந்தால் இனிப் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் ஆறு மாதமும் அதற்கு மேலும் கடந்த 156 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாத மூன்று வாரப் பயிற்சி அன்றாடப் பேச்சை மேம்படுத்தியது.

தலைக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையின் இயக்கத்தை மாற்ற முயலும் காந்தத் தூண்டல் என்ற இன்னொரு முறையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: அதில் பெரும்பாலும் வலப்பக்க மூளையின் மிகையான இயக்கத்தைத் தணிக்க முயல்கிறார்கள்; வலிப்பு வந்தவர்களும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களும் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். பற்றறியும் வயரும் கொண்டு வீட்டில் எவரும் எதையும் முயலவேண்டாம். இன்று மாலை கறிக்கு வாங்கிய மீனை அவரிடம் காட்டி, முதல் ஒலியைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். நன்றி, வணக்கம்.