செவிவழிக் கற்ற பாட்டு: பும்புவாங் துவாங்ஜன்

நேயர்களுக்கு வணக்கம்.

தாய்லாந்தில் 'லுக் துங்' என்றொரு பாட்டு வகை உண்டு. வயல்காட்டு மக்களின் பாட்டு அது. அதன் ராணி என்று அந்நாட்டு மக்கள் கொண்டாடுகிறவர் பும்புவாங் துவாங்ஜன். பாடகி, திரைப்பட நடிகை.

1961 ஆகஸ்ட் 4-இல் பிறந்தார். கரும்புத் தோட்டக் கூலிக் குடும்பம், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். சுபன்புரி மாகாணத்தில் சோங் பி நோங் பகுதியில் வளர்ந்தார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்து அவருக்குக் கைவரவே இல்லை. ஆனால் சுபன்புரி பாட்டுக்காரர்கள் விளைகிற மண். லுக் துங்கின் முதல் பெரிய நட்சத்திரம் சுரபோன் சோம்பட்சரோன் அந்த மாகாணத்துக்காரர்தான். பதின்ம வயதில் பும்புவாங்கைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டு, முதல் பாட்டைப் பதிவு செய்யவைத்த வைபோட் பெட்சுபனும் அங்கிருந்து வந்தவரே.

எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படி நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தார்? ஒருவர் வரிகளைப் படிப்பார், இவர் கேட்பார், திருப்பிச் சொல்வார், மனத்தில் நிறுத்திக்கொள்வார். இதைப் பரிதாபச் செய்தியாகச் சொல்வதே வழக்கம். அவர் பாட்டின் பலமே அங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன். தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் உண்டு. 'காவ்' என்ற ஒலியை மேலிருந்து இறக்கிச் சொன்னால் சோறு; தாழ்த்திச் சொன்னால் செய்தி; கீழிருந்து ஏற்றினால் வெள்ளை. மெட்டு ஒரு பக்கமும் தொனி வேறு பக்கமும் இழுத்தால் வரி புரியாமல் போகும். அதனால் லுக் துங் பாடுகிறவர்கள் சுரத்தை நேராகப் பிடிக்காமல், சற்று மேலிருந்தோ கீழிருந்தோ வழுக்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். தொண்டையில் ஓர் அசைவு கொடுப்பார்கள். அதற்கு 'லுக் கோ' என்று பெயர். இந்த நுணுக்கம் எதுவும் பாட்டுத் தாளில் இருக்காது, காதுக்குத்தான் கிடைக்கும். பும்புவாங் குரலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுவதைக் கேட்டால் இது விளங்கும்.

மேடை என்பது அங்கே பெரிய ஏற்பாடு. கோயில் திடலிலோ அறுவடை முடிந்த வயலிலோ சுற்றிலும் துணி கட்டி மறைத்து, வாசலில் நுழைவுச்சீட்டு விற்பார்கள். வாத்தியக்காரர்கள், நகைச்சுவைக் கலைஞர்கள், பாட்டுக்குப் பாட்டு உடை மாற்றி ஆடும் 'ஹாங் குருவாங்' நடனப் பெண்கள் என்று பெரிய குழுக்களில் நூறு பேர் வரை இருப்பார்கள். அத்தனை பேருக்கும் சோறு, சம்பளம், வண்டி. ஒரு மழை வந்தால் அன்றைய வசூல் போயிற்று. செலவு மட்டும் நிற்காது. தனிக் குழு நடத்திய பாடகர்கள் பலர் கடனில் விழுந்தது இப்படித்தான்.

1980-களின் தொடக்கத்தில் லோப் புரிராட் என்ற பாடலாசிரியர் அவருக்காக எழுதத் தொடங்கினார். அதுவரை சோகப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவருக்குத் துள்ளலும் குறும்பும் உள்ள வரிகள் கிடைத்தன. டிஸ்கோ தாளம், சிந்தசைசர், மின்கிதார் எல்லாம் சேர்ந்தன. கிராமத்துப் பெண்ணின் பாட்டு பாங்காக் நடன அரங்குகளுக்குள் போனது. கேசட் விற்பனை வளர்ந்த காலம் அது. பேருந்திலும் சந்தையிலும் தொழிற்சாலை விடுதியிலும் அவர் குரல் ஒலித்தது. நகரத்துக்கு வேலை தேடி வந்த பெண்கள் தங்கள் வாழ்க்கையையே அந்தப் பாடல்களில் கேட்டார்கள். திரைப்பட வாய்ப்புகளும் இதே ஆண்டுகளில் வந்தன. நடிப்பைவிடப் பாட்டுக்காகவே கூட்டம் வந்தது என்று சொல்வதில் தவறில்லை. அவர் மணந்துகொண்ட கிரைசோன் சேங்கனன் திரையுலகைச் சேர்ந்தவர்.

பணம்தான் தங்கவில்லை. பாடகருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, பிறகு எத்தனை கேசட் விற்றாலும் பங்கு தராமல் இருப்பது அன்றைய வழக்கம். ஒப்பந்தத்தைப் படிக்க முடியாதவருக்கு அதில் இழப்பு இன்னும் அதிகம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

சிஸ்டமிக் லூபஸ் என்ற நோய் அவரைப் பிடித்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய் இது. கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பு, மூட்டு வலி, தீராத களைப்பு என்று தொடங்கலாம். வெயில் பட்டால் கூடும். சிறுநீரகத்தைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. தொடர்ச்சியான மருந்தும் ஓய்வும் வேண்டும். இரவெல்லாம் மேடை, பகலெல்லாம் பயணம் என்ற தொழிலுக்கு இரண்டும் ஒத்துவராதவை. 1992 ஜூன் 13-இல் பிட்சனுலோக் நகரில் அவர் இறந்தபோது வயது முப்பதுதான். இன்றும் தாய்லாந்தில் இந்த நோயை 'பும்புவாங் நோய்' என்றே பாமர மக்கள் சொல்கிறார்கள்.

சுபன்புரியில் உள்ள வாட் தாப் கிரதான் கோயிலில் தகனம் நடந்தது. இளவரசி சிரிந்தோன் நேரில் வந்தார். அந்தக் கோயிலில் இப்போது பும்புவாங்கின் சிலைகள் இருக்கின்றன. உடை, நகை, ஒப்பனைப் பொருள் என்று காணிக்கை வைத்து, லாட்டரி எண் கேட்டு வேண்டிக்கொள்ளக் கூட்டம் வருகிறது. 2011-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'சோம் தாம்' பாட்டிலிருந்து தொடங்கலாம். இளவரசி சிரிந்தோன் எழுதியது. பப்பாளிக்காய்ச் சாலட் இடிக்கும் முறையைச் சொல்வது. மொழி தெரியாவிட்டாலும் தாளம் பிடிபடும். அடுத்து 'நக் ரோங் பான் நோக்'. பாடகியாகும் கனவோடு ஊரைவிட்டுக் கிளம்பும் கிராமத்துப் பெண்ணின் பாட்டு. இரண்டாம் முறை கேட்கும்போது வாத்தியத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லில் குரல் எப்படி இறங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.