11 என்றால் என்ன பிழை?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸில் ஒரு சிஸ்டம் கால், அதாவது நிரல் இயங்குதளத்திடம் ஒரு வேலையைக் கேட்பது, தோற்று, பிழை எண் 11 வந்தால் "இப்போது முடியாது, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள்" என்று அர்த்தம். மேக்கில் அதே 11 வந்தால் டெட்லாக், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து எதுவும் நகராமல் நிற்கும் சிக்கல். அங்கே "மறுபடி கேள்" என்பதற்கு எண் 35. அந்த 35 லினக்ஸுக்கு வந்தால் டெட்லாக்! 11 வந்தால் திரும்ப முயற்சி செய் என்று எண்ணை அப்படியே நிரலில் எழுதி மேக்கில் ஓட்டினீர்கள் என்றால், டெட்லாக் வரும்போதெல்லாம் அது விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும்.

விண்டோஸ் இன்னொரு உலகம். அனுமதி இல்லை என்றால் அங்கே 5, லினக்ஸில் 13. லினக்ஸில் 5 என்பது வட்டு போன்ற சாதனத்தில் படிக்க எழுத முடியாத கோளாறு. கோப்பு இல்லை என்பதற்கு மட்டும் இரண்டிலும் 2, அதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் நடுவில் ஒரு ஃபோல்டரே இல்லாவிட்டால் விண்டோஸ் 3 என்று சொல்லும், லினக்ஸ் அப்போதும் 2 தான்.

டி.என். 31, பி.ஒய். 01 இரண்டு வண்டிகளும் நம் சாலையில் ஓடுகின்றன. வெறும் 4455 என்று சொன்னால் எந்த வண்டி? பிழை எண்ணும் அப்படித்தான், எங்கிருந்து வந்தது என்பதும் கூடவே வர வேண்டும். சி பிளஸ் பிளஸ் மொழி 2011-இல் இதைத்தான் செய்தது: எண்ணோடு அது எந்த வகையறா என்பதையும் ஒரே பொருளில் வைத்தது, எல்லாத் தளத்துக்கும் பொதுவான நிலையோடு ஒப்பிடத் தனி வழியும் தந்தது. ரஸ்ட் மொழியிலும் 'கோப்பு இல்லை', 'அனுமதி இல்லை' போன்ற பொது வகையைக் கேட்கலாம், இயங்குதளம் தந்த மூல எண்ணையும் கேட்கலாம்.

பொது வகை மட்டும் போதுமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விண்டோஸில் வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழிக்கப் போனால் பெரும்பாலும் 32 வரும். பைத்தான் அதை 'பெர்மிஷன் எரர்' என்ற வகையில் சேர்த்துவிடுகிறது. வகையை மட்டும் திரையில் காட்டினால், பாவம் அந்தப் பயனர் அட்மின் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டு போவார், பின்னால் எக்செல் திறந்தே கிடக்கும். நல்லவேளை, பைத்தான் அந்த 32-ஐ உள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் நிரல் முடிவெடுக்கப் பொது வகை, நடந்ததை எழுதி வைக்கும் லாக் பதிவில் மூல எண்ணும் தளமும்.

அப்புறம் ஒன்று, பிழைச் செய்தியின் வாசகத்தை வைத்து நிரலில் இஃப் நிபந்தனை போடாதீர்கள், கணினியின் மொழி அமைப்பு மாறினால் அந்த வாசகமும் மாறிவிடலாம்.