ஓவரை யார் எண்ணுகிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளைப் போட்டி விளையாட்டில் இறக்கிவிடலாமா, ஆகிற செலவுக்கும் அடிபடுகிற ஆபத்துக்கும் அது தகுமா? இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் பல பெற்றோர்கள் கேட்கிறார்கள்.

நான் ஆடவிடுங்கள் என்று சொல்கிறவன். பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் செல்போன் என்று உட்கார்ந்தே வளர்கிற பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. அது இப்போது வலிக்காது, அவ்வளவுதான். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சும்மா போய் ஓடு என்றால் பிள்ளை ஓடுமா? காலையில் மேட்ச் இருக்கிறது என்று சொல்லுங்கள், யாரும் எழுப்பாமலே ஐந்து மணிக்கு எழுந்து ஷூவைத் தேடும். அந்த ஆசையைக் கிளப்புவது போட்டிதான்.

அப்புறம் ஏன் பயப்பட வேண்டும்? நம் ஊரில் அதிகம் ஆடப்படுகிற கிரிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அதிலும் வேகப்பந்து வீசுகிற பையன்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வலது கையால் வேகமாக வீசுகிறவன் பந்தை விடுகிற நேரத்தில் இடது காலை ஊன்றுவான். அவன் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் கால் வழியாக மேலே ஏறும். அதே நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இத்தனையும் வந்து சேர்கிற இடம், கீழ் முதுகெலும்பில் இடது பக்கம் இருக்கிற ஒரு மெல்லிய எலும்புப் பகுதி. வளர்கிற வயதில் அது இன்னும் முழுசாக இறுகியிருக்காது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் விரிசல் விடுகிற மாதிரி, அங்கே விரிசல் விழுகிறது. ஒரே ஒரு பந்தால் வருவதில்லை. ஓய்வில்லாமல் போட்ட ஓவர்களால் வருவது.

அந்த ஓவர்களை யார் எண்ணுகிறார்கள்? பதினான்கு வயதுப் பையன் ஒருவனின் வாரத்தைப் பாருங்கள். காலையில் பள்ளி அணிக்குப் பயிற்சி. மாலையில் அகாடமியில் நெட்ஸ், அதாவது வலைக்குள் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு லீக் மேட்ச். பள்ளி மாஸ்டருக்கு அவர் போடச் சொன்ன ஓவர் மட்டும் தெரியும், அகாடமி கோச்சுக்கு நெட்ஸில் போட்டது மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கேப்டனுக்கு இது எதுவும் தெரியாது, விக்கெட் வேண்டும், பந்தைக் கையில் கொடுக்கிறார். மொத்தக் கணக்கு அந்தப் பையனின் முதுகுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இதற்கென்றே விதி வகுத்தது. 13 வயதுக்குட்பட்டவர் ஒரு ஸ்பெல்லில், அதாவது தொடர்ந்து வீசுகிற ஒரு சுற்றில், அதிகபட்சம் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 15 வயதுக்குட்பட்டவருக்கு 6, 12. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்போ, எந்த விளையாட்டானாலும் வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் அந்த விளையாட்டிலிருந்து பிள்ளைக்கு ஓய்வு வேண்டும் என்கிறது. இங்கே மூன்று மாதம் என்று சொன்னால் அப்பாவின் முகம் வெளுத்துவிடுகிறது. "மத்தவன் முந்திக்குவான் சார்" என்கிறார்.

அவர் பயம் எனக்குப் புரிகிறது. காசு போட்டிருக்கிறார். இங்கிலீஷ் வில்லோ மரத்தில் செய்த நல்ல மட்டை பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. காலில் கட்டுகிற பேட், ஹெல்மெட், ஸ்பைக் ஷூ எல்லாம் பையன் வளர வளர மாற்ற வேண்டியவை. மாதக் கட்டணம், வெளியூர் மேட்சுக்குப் பயணம், கூடவே போகிற பெற்றோரின் ஒரு நாள் சம்பளம். இவ்வளவு போட்ட பிறகு, வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளவே மனசு வராது. செலவிலேயே என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

ஆனால் பன்னிரண்டு வயதில் முந்தாவிட்டால் கதை முடிந்தது என்பது உண்மையில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடியவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் டெஸ்ட், ஒருநாள், டி20 என்று மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி பதினேழு வயதில் கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்தவர், வேலைக்கும் போனவர். இருபதுகளின் நடுவில் திரும்பி வந்து, 2025இல் சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியில் இருந்தார். எல்லாருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்ல வரவில்லை. ஒரு கோடைக்காலம் பந்து வீசாமல் இருந்ததால் யாருடைய திறமையும் ஓடிப்போகாது.

என் அறையில் நான் செய்யச் சொல்கிற ஒரு சின்ன வேலை உண்டு. "தம்பி, ஒற்றைக் காலில் நின்று, மெதுவாகப் பின்னால் வளை." வீசுகிற கைக்கு எதிர்ப்பக்கக் காலில் நின்று வளையும்போது பையன் சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டால் விரிசலோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்களே" என்பார்கள். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால், சில மாதம் பந்து வீசாமல் இருந்தால் பெரும்பாலும் எலும்பு கூடிவிடும். வலிக்கு ஸ்பிரே அடித்து, மாத்திரை போட்டு மேட்சுக்கு அனுப்பினால் விரிசல் முழு முறிவாகிறது. கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பந்து வீசும்போது முதுகு வலி வந்து, இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

மொத்தக் கணக்கை வீட்டில்தான் வைக்க முடியும். ஒரு நோட்டுப் போதும். பள்ளி, அகாடமி, கிளப் எங்கே வீசினாலும் அன்றன்றைக்குப் பையனையே எழுதச் சொல்லுங்கள், நெட்ஸில் போட்டதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை கேப்டனிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கோடைக்கால முகாம்களில் பிள்ளைகளைச் சேர்ப்பீர்கள். சேர்க்கிற அன்று கட்டணத்தைக் கேட்பதோடு, வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு ஓவர் கணக்கு வைக்கிறீர்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு முகாம் பாருங்கள். வணக்கம்.